மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டியை நான்கு சக்கரமாக மாற்றினால் வளைவில் நிலைக்குமா?

கேள்வி: வளைவுவிரும்பி

அனைவருக்கும் வணக்கம். முன்னால் இரண்டு சக்கரங்களும் பின்னால் ஒரு சக்கரமும் கொண்ட ஸ்போர்ட்ஸ் வண்டி ஒன்றை நானே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டி, நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இருக்கைகளுக்குப் பின்னால் 1000 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜின் உள்ளது. அது செயின் மூலம் ஸ்விங் ஆர்மில் (சட்டகத்துடன் கீல்போல் இணைந்து மேலும் கீழும் அசையும் கையில்) உள்ள ஒற்றைப் பின்சக்கரத்தை இயக்குகிறது. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம்) 2.4 மீட்டர், முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள டிராக் அகலம் 1.5 மீட்டர். நான் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து அளந்ததில் மொத்த எடை 520 கிலோ வந்தது. அதில் முன்னால் 312, பின்னால் 208. பின்பக்கத்தை உயர்த்தி முன் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துக் கணக்கிட்டதில், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 42 செ.மீ. உயரத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் மூக்கு எப்போதுமே வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். இதைச் சரிசெய்ய முன்பக்கத்தில் தடித்த ஆன்ட்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் தண்டு) ஒன்றைப் பொருத்தினேன். வண்டி சாய்வது பாதியாகக் குறைந்ததே தவிர, மூக்கு தள்ளுவது சிறிதும் மாறவில்லை. பிறகு பிடிப்பு அதிகமுள்ள மென்மையான டயர்களுக்கு மாறினேன். மூடிய ஓட்டப் பாதையில் நீண்ட வலப்பக்க வளைவு ஒன்றின் பாதியில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது, உள்பக்க முன்சக்கரம் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பிவிட்டது. காலை எடுத்ததும் கீழே இறங்கிவிட்டது என்றாலும் அந்தக் கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஸ்விங் ஆர்மைக் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலுடன் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்புடன்) இரண்டு பின்சக்கரங்களைத் தனித்தனி சஸ்பென்ஷனில் பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். இதனால் வண்டியின் கையாளுமை உண்மையிலேயே மேம்படுமா, அல்லது எடைதான் கூடுமா? இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: அச்சாணி

அளவுகளைத் துல்லியமாகக் கொடுத்திருப்பதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் இன்ஜின் சக்தியை மட்டும் சொல்லிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். உங்கள் எண்களை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன மூன்று நிகழ்வுகளுக்கும் காரணம் சொல்லிவிட முடியும்.

முதலில் ஆன்ட்டி ரோல் பார். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை மாறுகிறது. நான்கு சக்கர வண்டியில் இந்த மாற்றத்தை முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்தப் பக்கம் எவ்வளவு பங்கு என்பதை ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் தீர்மானிப்பதால், அவற்றை மாற்றி வண்டியின் நடத்தையை மாற்ற முடிகிறது. உங்கள் வண்டியிலோ பின்னால் ஒரே சக்கரம்தான் இருக்கிறது. அது சாய்வைத் தடுக்க எதுவும் செய்வதில்லை. ஆகவே பாரின் தடிமன் எதுவாக இருந்தாலும் சுமை மாற்றம் முழுவதையும் முன் ஆக்சிலே ஏற்றுக்கொண்டாக வேண்டும். டயரின் மீதுள்ள சுமை இரட்டிப்பானால் அதன் பக்கவாட்டுப் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. எனவே சுமை ஒரே டயரில் குவியக் குவிய, அந்த ஜோடியின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. மூக்கு தள்ளுவதற்கு இதுவே முதன்மையான காரணம். 0.9 ஜி (வண்டியின் எடையில் 0.9 பங்கு) அளவு வளைவு விசையில் உங்கள் வெளிப்பக்க முன்டயர் ஏறக்குறைய 287 கிலோவைச் சுமக்கும்போது, உள்பக்க முன்டயரில் வெறும் 25 கிலோதான் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது சக்கரம் எழும்பியது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற அமைப்பில், வெளிப்பக்க முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையும் பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் வண்டி கவிழும். அந்தக் கோட்டுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே உள்ள பக்கவாட்டுத் தூரம் உங்களுக்கு 75 செ.மீ. அல்ல, 45 செ.மீ.தான்; ஏனெனில் மையம் முன் ஆக்சிலிலிருந்து வீல்பேஸின் 40 சதவீதத் தூரம் பின்னால் இருக்கிறது, கோடும் பின்னால் போகப் போக உள்ளே சாய்கிறது. 45-ஐ 42-ஆல் வகுத்தால் 1.07. அதாவது ஏறக்குறைய 1.07 ஜி-யில் உள்பக்க முன்சக்கரம் தரையை விடும். பழைய டயர்கள் அந்த அளவை எட்டுவதற்கு முன்பே வழுக்கியதால் இது உங்களுக்குத் தெரியாமல் இருந்தது. புதிய டயர்களின் பிடிப்பு அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சுமை பின்னால் போவதால் நிலைமை இன்னும் மோசமாகும்: 0.4 ஜி முடுக்கத்தில் முன்னாலிருந்து சுமார் 36 கிலோ பின்னுக்குச் செல்கிறது, எழும்பும் எல்லை 0.95 ஜி-க்கு இறங்கிவிடுகிறது. பிரேக் பிடித்தால் இதற்கு நேர்மாறாக எல்லை உயர்கிறது. (முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும்; அவற்றுக்கு வளைவில் பிரேக் பிடிப்பதே ஆபத்தான நேரம்.)

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் எழும்பினால் மீதி மூன்று அதைத் தாங்கி நிற்கும். உங்கள் வண்டியில் உள்பக்க முன்சக்கரம் எழும்புவது என்பது கவிழ்தலின் தொடக்கம். அதற்குப் பிறகு தாங்குவதற்கு எதுவும் இல்லை. வேறு எந்த மாற்றமும் செய்யும்வரை தயவுசெய்து பழைய டயர்களையே மாட்டிக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கரமாக்கினால் என்ன கிடைக்கும்? பின் டிராக் 1.4 மீட்டர், கூடும் எடை 55 கிலோ, அது முழுவதும் பின்னால் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் கவிழும் எல்லை சுமார் 1.73 ஜி-க்கு உயர்கிறது. எந்தச் சாலை டயரும் அதற்கு வெகு முன்பே வழுக்கிவிடும். சுமை மாற்றத்தில் 55 சதவீதத்தை முன்னாலும் மீதியைப் பின்னாலும் விழும்படி அமைத்தால், அதே 0.9 ஜி வளைவில் முன்டயர்களின் சுமை 236-க்கு 76 என்று ஆகிறது. மூக்கு தள்ளுவது கண்கூடாகக் குறையும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகம், முறுக்கிக்கொள்ளக் கூடாது. மேடுபள்ளமான தரையில் முக்காலி ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும், நான்காவது புள்ளி வந்தவுடன் அந்த உறுதி போய்விடும். மூன்று சக்கரச் சட்டகத்தைச் சாலை முறுக்குவதே இல்லை என்பதால் அதைக் கட்டுபவர்கள் முறுக்குறுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் கவலைப்படுவதும் இல்லை. அத்தகைய சட்டகத்தின் பின்னால் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினால், ஒவ்வொரு குழியும் அதைத் துணி பிழிவதுபோல முறுக்கும். முதலில் ஆன்ட்டி ரோல் பாரின் பயன் கரைந்துபோகும், பிறகு பற்றவைப்புகள் விரிசல் விடத் தொடங்கும். உங்கள் சேஸிஸின் முறுக்குறுதியை அளந்துவிட்டீர்களா?

மறுமொழி: பழையபட்டறை

அச்சாணி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்காவது சக்கரத்துக்குப் போவதற்கு முன்னால், மூன்று சக்கரத்திலேயே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். முன் டிராக்கை 1.7 மீட்டராக அகலப்படுத்தி, பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் முன்னுக்கு நகர்த்தி முன் எடையை 65 சதவீதமாக்கி, இருக்கைகளையும் இன்ஜினையும் இறக்கி மையத்தை 38 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், கவிழும் எல்லை சுமார் 1.45 ஜி-க்குப் போகிறது. இதற்கு டிஃபரன்ஷியலும் வேண்டாம், புதிய சட்டகமும் வேண்டாம். மூக்கு தள்ளுவது மட்டும் முழுவதும் போகாது. சுமை மாற்றம் முன்னாலேயேதான் நடக்கும், முன்னால் எடையும் கூடியிருக்கும். அதற்கு முன்டயர்களை அகலப்படுத்துவதும் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, சரிசெய்வதும் ஓரளவு உதவும்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போன தயாரிப்பாளர்களின் அனுபவத்தையும் பார்க்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டிகளைச் செய்து பெயர் வாங்கிய மோர்கன் நிறுவனம், 1936-ல் நான்கு சிலிண்டர், நான்கு சக்கரம் என்று பொருள்படும் '4-4' என்ற காரைக் கொண்டுவந்தபோது, அதற்கென்று தனிச் சட்டகத்தை அமைத்தது. 1958-ல் வந்த எஃப்.எம்.ஆர். டி.ஜி.500 வேறு வழியில் போனது, மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200 என்ற மூன்று சக்கரக் குறுங்காரின் உடலமைப்பை வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சக்கரங்களையும் 500 சிசி வகை இரட்டை சிலிண்டர் இன்ஜினையும் பொருத்தினார்கள். கே.ஆர்.200-ன் 191 சிசி இன்ஜினைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வந்ததும் ஒற்றைப் பின்சக்கரம் போதவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். ரிலையன்ட் நிறுவனமும் முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள ராபினுக்கு இணையாக, 1975-ல் கிட்டன் என்ற நான்கு சக்கரக் காரை வெளியிட்டது.

உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு லோமாக்ஸ் என்ற கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் கார்). சிட்ரோயன் 2சிவி என்ற சிறிய காரின் பாகங்களின் மேல் அமையும் அந்த வண்டி, 223, 224 என்ற இரண்டு வகைகளில் வந்தது: 223 என்றால் இரண்டு சிலிண்டர், இரண்டு இருக்கை, மூன்று சக்கரம்; 224 என்றால் இரண்டு சிலிண்டர், இரண்டு இருக்கை, நான்கு சக்கரம். இங்கே ஒரு வசதியைக் கவனியுங்கள். 2சிவி-யில் இன்ஜின் முன்சக்கரங்களை இயக்குவதால் பின்சக்கரங்களுக்கு டிஃபரன்ஷியல் தேவையே இல்லை. ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் அவை உருண்டால் போதும். உங்களுடைய வண்டியில் பின்சக்கரமே இயங்கு சக்கரம். அதனால் உங்கள் வேலை அதைவிடப் பல மடங்கு கடினமானது.

மறுமொழி: சங்கிலிப்பல்

இதை இன்னும் எளிதாகச் செய்யும் வழி ஒன்று இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு: அதே ஸ்விங் ஆர்மில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்களை நெருக்கமாகப் பொருத்திவிடுவது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பி.எம்.டபிள்யூ. இசெட்டாவின் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய அரை மீட்டர் இடைவெளியில், டிஃபரன்ஷியல் இல்லாமலே ஓடின. ஆனால் அது 300 சிசி-க்கும் குறைவான இன்ஜின் கொண்ட நகர வண்டி. உங்கள் எண்களில் அரை மீட்டர் பின் டிராக் என்பது கவிழும் எல்லையை 1.31 ஜி வரைக்கும் உயர்த்தும். ஆனால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும் என்பதால் அவை வண்டியை நேராகவே தள்ளும். மூக்கு தள்ளுவது உங்கள் முதல் குறையாக இருக்கும்போது இந்த வழி அதை அதிகமாக்கும்.

ஸ்விங் ஆர்ம் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. இரண்டு சக்கரங்களை அதில் இறுக்கிவிட்டால் பின்பக்கம் சாய்வதற்கு இடமே இருக்காது. வண்டி சாய முயலும் ஒவ்வொரு முறையும் ஆர்மையும் அதன் பிவட் பேரிங்கையும் முறுக்கும். ஸ்போர்ட்ஸ் வகை ஏ.டி.வி.களில் (கரடுமுரடான தரையில் ஓட்டும் சிறு வண்டிகளில்) இதே அமைப்பு வேலை செய்கிறதே என்று கேட்கலாம். ஹோண்டாவின் ஏ.டி.சி.250ஆர் என்ற மூன்று சக்கர வண்டியின் இடத்தை 1986-ல் டி.ஆர்.எக்ஸ்.250ஆர் என்ற நான்கு சக்கர வண்டி பிடித்தபோதும் பின்னால் ஸ்விங் ஆர்மும் ஒரே தண்டும்தான் இருந்தன. ஆனால் அங்கே காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்கள் மண்ணில் வழுக்கிக்கொடுக்கின்றன. ஓட்டுபவர் தன் உடலை உள்பக்கமாகச் சாய்த்துச் சுமையை மாற்றுகிறார். தார்ச்சாலையில், பெல்ட் போட்டு இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை.

ஆகவே செய்வதானால் முழுமையாகச் செய்யுங்கள். மாணவர்கள் கட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் பந்தய வண்டிகளில் செயினால் இயங்கும் டிஃபரன்ஷியல் வழக்கமான ஒன்று. டிஃபரன்ஷியலின் உறையிலேயே, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பொருத்தி, இரு பக்கமும் பேரிங் தகடுகளில் தாங்கி, அந்தத் தகடுகளைச் சட்டகத்தில் மாட்டுவார்கள். ஸ்விங் ஆர்மில் சக்கரம் ஏறி இறங்கும்போது செயினின் தொய்வு மாறிக்கொண்டே இருக்கும். இங்கே இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் சட்டகத்திலேயே இருப்பதால் தூரம் மாறாது, இது ஒரு நல்ல பயன். ஆனால் தகடுகள் வலுவாக இருக்க வேண்டும். 1000 சிசி இன்ஜின் முதல் கியரில் முழு விசையுடன் இழுக்கும்போது செயினில் வரும் இழுப்பு ஒரு டன் அளவுக்குப் போகும். தகடு சற்று வளைந்தாலும் செயின் பல் தாண்டும்.

பின் ஹப்களுக்கு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதிகளுக்கு), முன்சக்கர இயக்கம் உள்ள சிறிய காரின் முன் ஹப்களையே எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் இயங்கு தண்டு நுழைய வழி ஏற்கெனவே இருக்கும். ஸ்டியரிங் இணையும் கையைச் சட்டகத்துடன் ஒரு தண்டால் பிணைத்துவிட வேண்டும். நான் முதல் முறை செய்தபோது அந்தத் தண்டை மெல்லியதாக வைத்துவிட்டேன். வளைவில் சுமை ஏறியதும் வெளிப்பக்கப் பின்சக்கரம் வெளியே திரும்பத் தொடங்கியது, வண்டி எச்சரிக்கையே இல்லாமல் சுழன்றுவிட்டது. அன்று பாதை அகலமாக இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின்சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் அந்தத் தண்டும் அதன் முனைகளும் சட்டகத்தில் மாட்டப்படும் இடமும் அசையவே கூடாது. சஸ்பென்ஷன் முழுதாக ஏறி இறங்கும்போது சக்கரத்தின் திசை எவ்வளவு மாறுகிறது என்பதையும், ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அளந்து பாருங்கள்.

மறுமொழி: விதிப்புத்தகம்

பதிவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பல இடங்களில் மூன்று சக்கரம் என்பதாலேயே இத்தகைய வண்டி மோட்டார் சைக்கிளாகவோ அதற்கு நெருங்கிய வகையாகவோ பதிவாகியிருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சி விதியில், தரையைத் தொடும் சக்கரங்கள் மூன்றுக்கு மேல் போகாத வரைதான் வண்டி மோட்டார் சைக்கிள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 விதியில், சாலைக்கான கனரக நான்கு சக்கர குவாட் வகைக்கு ஆட்களை ஏற்றும் வண்டியானால் 450 கிலோ எடை வரம்பும் 15 கிலோவாட் சக்தி வரம்பும் உண்டு. 1000 சிசி இன்ஜின் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். அதே விதிகளில், ஒரே ஆக்சிலில் 46 செ.மீ.க்கு மேற்படாத இடைவெளியில் உள்ள இரண்டு சக்கரங்கள் ஒரே சக்கரமாகவே எண்ணப்படும். இரும்பை வெட்டுவதற்கு முன்னால் உங்கள் பகுதியின் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வியாளர்: வளைவுவிரும்பி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய டயர்களை மாட்டிவிட்டேன். அச்சாணி கேட்டபடி முறுக்குறுதியையும் அளந்தேன். ஸ்விங் ஆர்ம் பிவட் இருக்கும் பின்பகுதியைக் கனமான மேடையுடன் இறுக்கிப் பிடித்து, முன்பகுதியை நடுவில் ஒரே முனையின் மேல் தாங்கவைத்து, குறுக்கே கட்டிய உத்தரத்தில் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 60 கிலோவைத் தொங்கவிட்டேன். உத்தரத்தின் அந்த இடம் 26 மி.மீ. கீழே இறங்கியது. எடையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. முன்சக்கரங்களின் ஸ்பிரிங் உறுதி, சக்கரத்தில் அளந்தால் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். இந்த எண்கள் போதுமா?

மறுமொழி: அச்சாணி

போதும். ஒரு மீட்டரில் 26 மி.மீ. என்பது சுமார் ஒன்றரை டிகிரி. 60 கிலோவின் முறுக்கு விசை ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர். எனவே உங்கள் சேஸிஸின் முறுக்குறுதி டிகிரிக்குச் சுமார் 395 நியூட்டன் மீட்டர். முன் சஸ்பென்ஷன் சாய்வைத் தடுக்கும் உறுதியைக் கணக்கிட்டால், ஆன்ட்டி ரோல் பாரைச் சேர்க்காமலே, டிகிரிக்குச் சுமார் 393 வருகிறது. இரண்டும் ஒன்றே. சட்டகமே இன்னொரு ஸ்பிரிங்காக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே நீங்கள் பங்கிட நினைக்கும் சுமையில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். இந்தச் சட்டகத்தில் இரண்டு பின்சக்கரங்களைப் பொருத்தினால் கவிழாத வண்டி கிடைக்கும், ஆனால் நீங்கள் கேட்ட கையாளுமை கிடைக்காது.

சட்டகத்தின் உறுதியை இப்போதுள்ளதைப் போல நான்கைந்து மடங்காவது ஆக்க வேண்டும். தடித்த குழாய்களைச் சேர்ப்பதைவிட முக்கோணங்களைச் சேர்ப்பதுதான் பலன் தரும். நீங்கள் அமரும் திறந்த தொட்டிப் பகுதிதான் பெரும்பாலும் பலவீனமான இடம். மேலே மூட முடியாது என்பதால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, நான்கு பக்கமும் மூடிய, குறுக்குக் குழாய்களால் முக்கோணமாக்கப்பட்ட ஒரு முதுகெலும்பை அமைத்து, அதை முன் சஸ்பென்ஷன் தாங்கியிலிருந்து டிஃபரன்ஷியல் தகடுகள்வரை இடைவெளியில்லாமல் கொண்டுபோகலாம். இன்ஜின் இருக்கும் பகுதியில் கழற்றி மாட்டக்கூடிய குறுக்குக் குழாய்களைப் போல்ட்டில் பொருத்தினால், இன்ஜினை இறக்குவதற்கும் வழி இருக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை: மெல்லிய மரக் கீற்றுகளைப் பசையால் ஒட்டி, ஆறில் ஒரு பங்கு அளவில் சட்டகத்தின் மாதிரியைச் செய்து கையால் முறுக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் சாய்சதுரமாக நெளிகிறதோ அங்கேதான் குறுக்குக் குழாய் வேண்டும். ஒவ்வொரு கீற்றாகச் சேர்த்து மீண்டும் முறுக்கினால், எது பயன் தருகிறது, எது வெறும் எடை என்பது கைக்கே தெரிந்துவிடும். அந்த மாதிரியின் படங்களை இங்கே போடுங்கள். குழாய்களின் அளவை அதன் பிறகு சேர்ந்து கணக்கிடலாம்.

கேள்வியாளர்: வளைவுவிரும்பி

அப்படியே செய்கிறேன். முன் டிராக்கை அகலப்படுத்துவதும் பேட்டரியை முன்னுக்கு நகர்த்துவதும் எந்த வழியில் போனாலும் வீணாகாது என்பதால், அந்த இரண்டையும் முதலில் முடித்து, எடைகளை மறுபடி அளந்து எழுதுகிறேன். மரமாதிரியின் படங்களும் அதனுடன் வரும்.